புது டேப்லெட்டில் பழைய தமிழ்ப் புத்தகங்கள்: வாசிப்புக்குத் தயார் செய்வது எப்படி?

புதிதாக ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கியவர்கள் முதலில் படம் பார்ப்பார்கள், பிறகு பிள்ளைகள் விளையாடுவார்கள், அதன் பிறகு அது மேசையோரம் ஒதுங்கிவிடும். தமிழ் வாசிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். அச்சில் இல்லாத புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் இணையத்தில் இலவசமாக, சட்டப்படியே கிடைக்கின்றன. அவற்றை இறக்கி, கண் வலிக்காமல் படிக்கும்படி டேப்லெட்டை அமைப்பது மட்டும்தான் இந்தப் பதிவு. வைஃபை, கூகுள் கணக்கு, சிஸ்டம் அப்டேட் எல்லாம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் திரையின் அளவு

நம் ஊர்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை டெமி 1/8 அளவு, அதாவது 5.5 அங்குல அகலம், 8.5 அங்குல உயரம். 16:10 விகிதத்தில் உள்ள 10.1 அங்குல டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் திரை ஏறக்குறைய 5.35 x 8.56 அங்குலம். ஸ்கேன் செய்த டெமி புத்தகம் அச்சில் இருந்த அதே அளவில் கண்முன் நிற்கும். அதைவிடச் சிறிய கிரவுன் அளவுப் புத்தகம் என்றால் அச்சைவிடக் கொஞ்சம் பெரிதாகவே தெரியும்.

ஏ4 பிடிஎஃப் கதை வேறு. ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம். அது இந்தத் திரைக்குள் வர 65 சதவீதமாகச் சுருங்க வேண்டும். 12 புள்ளி எழுத்து 8 புள்ளிக்கும் கீழே போய்விடும். டேப்லெட்டில் தமிழ் பொடியாகத் தெரிகிறது என்று சொல்கிற பலர் ஏ4 பிடிஎஃபைத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் ஃபான்ட் சைஸை எவ்வளவு கூட்டினாலும் பிடிஎஃபுக்குள் இருக்கும் எழுத்து மாறாது. எனவே முடிந்தவரை ஏ4 பிடிஎஃபைத் தவிர்த்துவிடுங்கள்.

டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இரண்டே மாற்றங்கள் போதும். ஆட்டோ ரொட்டேட்டை அணைத்துவிடுங்கள், படுத்துக்கொண்டு படிக்கும்போது பக்கம் புரளாது. இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை மாலையில் தானே தொடங்கும்படி வைத்துவிடுங்கள்.

கீபோர்டு

படிக்கத்தானே போகிறோம், கீபோர்டு எதற்கு என்று தோன்றலாம். 600 பக்க நாவலில் ஒரு பெயரைத் தேட வேண்டியிருக்கும். கூகுளின் கீபோர்டான ஜிபோர்டின் மொழிப் பட்டியலில் தமிழைச் சேருங்கள். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையும் உண்டு, நேரடித் தமிழ்க் கட்டங்களும் உண்டு. தமிழ்99 என்ற விசை அமைப்பு பழகிய கைகளுக்குச் செல்லினம் என்ற கீபோர்டு செயலிதான் என் பரிந்துரை. அகரமேறிய மெய்யும் உயிரும் பெரிய திரையில் நன்றாக இடம்விட்டு உட்காரும், விரல் தவறாது. ஐபேட் வைத்திருப்பவர்களுக்குத் தமிழ்99, ஆங்கில எழுத்தில் அடிக்கும் அஞ்சல் முறை இரண்டும் கூடவே வருகின்றன, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம்.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஸகரத்தில் தொடங்கியும், 2005இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடலில் ஒன்று மற்றொன்றைக் கண்டுபிடிக்காது. ஸ்ரீரங்கம் கிடைக்கவில்லையென்றால் ‘ரங்கம்’ என்று மட்டும் தேடுங்கள்.

புத்தகங்கள் எங்கே?

மதுரைத் திட்டம்: 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து ஏற்றியவை. முதல் நூல் திருக்குறள். சங்க இலக்கியம், காப்பியம், சிற்றிலக்கியம் வேண்டுமானால் முதலில் இங்கேதான் போவேன்.

ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்: தற்கால எழுத்து. ஒவ்வொரு நூலும் ஈபப், மோபி, ஏ4 பிடிஎஃப், ஆறங்குலப் பிடிஎஃப் என்று பல வடிவங்களில் இருக்கும். டேப்லெட்டுக்கு ஈபப் எடுங்கள். எழுத்தளவு உங்கள் கையில் இருக்கும்.

நூலகம்: ஈழத்து நூல்கள், இதழ்கள், பழைய பத்திரிகைகள் எல்லாம் ஸ்கேன் வடிவில். இந்தத் தளத்தை நடத்துகிறவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அங்கே இருக்கும் பல சிற்றிதழ்களை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இவை தவிர, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இன்டர்நெட் ஆர்க்கைவும் உண்டு. ஆர்க்கைவில் பிடிஎஃபை மட்டும் எடுங்கள். பக்கத்திலேயே ஈபப் என்று ஒன்று இருக்கும். பழைய பதிவேற்றங்களில் அது தமிழ் தெரியாத மென்பொருள் படித்து உண்டாக்கியது, உள்ளே எழுத்துக் குப்பைதான் இருக்கும்.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்

மதுரைத் திட்டத்தில் பல நூல்களுக்குப் பிடிஎஃபும் உண்டு, யூனிகோடு எச்டிஎம்எல் பக்கமும் உண்டு. பழக்கதோஷத்தில் கை பிடிஎஃபுக்குப் போகும். வேண்டாம். பழைய பிடிஎஃப் பலவும் யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி எழுத்துருவில் ஆனவை. பார்க்க அழகாக இருக்கும், உள்ளே தேட முடியாது, எழுத்தளவைக் கூட்டினால் வரிகள் மடங்காது. யூனிகோடு எச்டிஎம்எல் அருமையான வடிவம். அதையே இறக்கிப் புத்தகமாகப் படிக்கலாம்.

இறக்குவதில்தான் சிக்கல். குரோமில் அந்தப் பக்கத்தைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தட்டி, கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் கோப்பு இறங்கிவிட்டது போலத்தான் இருக்கும். ஆனால் இறங்கியது எச்டிஎம்எல் அல்ல, எம்எச்டிஎம்எல். அந்த ஓர் ‘எம்’ முன்னால் இருப்பதால் வாசிப்புச் செயலிகள் அதைப் புத்தகமாகவே எடுத்துக்கொள்ளாது. கோப்பு ஃபோல்டரில் இருக்கும், செயலியின் பட்டியலில் இருக்காது. எனக்கு ஒரு மாலை முழுவதும் இதிலேயே போனது, காரணத்தை எந்தச் செயலியும் சொல்லவில்லை.

வழி இதுதான். நூற்பட்டியல் பக்கத்திலேயே நில்லுங்கள், நூலைத் திறக்காதீர்கள். யூனிகோடு இணைப்பின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். வரும் பட்டியலில் ‘டவுன்லோட் லிங்க்’ என்பதைத் தட்டுங்கள். இப்போது அசல் எச்டிஎம்எல் கோப்பு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கும். ஃபைல்ஸ் செயலியில் அதைத் திறந்து, எண்ணாக இருக்கும் பெயரை நூலின் பெயராக மாற்றி, ‘புத்தகங்கள்’ என்று தனி ஃபோல்டர் போட்டு அதற்குள் வையுங்கள். நூறு கோப்பு சேர்ந்த பிறகு பெயர் மாற்றலாம் என்று விட்டால் ஒருநாளும் நடக்காது.

வாசிப்புச் செயலி

என் தேர்வு கோரீடர். இலவசம், திறமூலம், விளம்பரமே கிடையாது. திறமூலச் செயலிகளுக்கான எஃப்-டிராய்ட் தளம் வழியாக நிறுவலாம். முதன்முறை திறக்கும்போது கோப்புகளை அணுக அனுமதி கேட்கும், கொடுங்கள். தோற்றம் பழைய பாணியில் இருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும். திரையின் மேற்பகுதியைத் தட்டினால் ஒரு மெனு, கீழ்ப்பகுதியைத் தட்டினால் இன்னொரு மெனு, அவ்வளவுதான்.

உடனே செய்ய வேண்டியது எழுத்துரு. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை இரண்டையும் இறக்குங்கள். ஜிப் கோப்பைப் பிரித்து, டிடிஎஃப் கோப்புகளை டேப்லெட்டில் கோரீடர் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போடுங்கள். செயலியை மூடித் திறந்தால் பட்டியலில் வந்துவிடும். நீண்ட உரைநடைக்கு நோட்டோ செரிஃப் தமிழ்தான் எனக்குப் பிடித்தது. தடிப்பும் மெலிவும் கலந்து அச்சுப் புத்தகத்தின் சாயல் இருக்கிறது, ‘ண’வும் ‘ன’வும் மங்கலான வெளிச்சத்திலும் பிரிந்து தெரிகின்றன.

அடுத்து, வரியை இருபுறமும் சமமாக இழுக்கும் அமைப்பை நிறுத்துங்கள். தமிழில் ‘பேசிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற ஒரே சொல் அரை வரியைப் பிடித்துவிடும். அது அடுத்த வரிக்கு இறங்கினால், மேல் வரியில் மிஞ்சிய மூன்று சொற்களைச் செயலி இரு ஓரத்துக்கும் இழுத்து நடுவில் பெரிய ஓட்டை விடும். ஸ்டைல் ட்வீக்ஸ் பகுதியில் இடப்பக்கம் சீராக்குவதைத் தேர்ந்தெடுத்தால் சொற்களுக்கு இடையே இயல்பான இடைவெளி வந்துவிடும்.

செய்யுள் படிக்கிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். குறளின் நாற்சீர் அடி வழக்கமான எழுத்தளவில் ஒரே வரியில் அடங்கும். எண்சீர் விருத்தம் அடங்காது. கடைசிச் சீர் மட்டும் கீழே தனியாக விழுந்து கிடந்தால் ஓசையே போய்விடும், எங்கே அடி முடிகிறது என்று தெரியாமல் எதுகையும் கண்ணில் படாது. கம்பனைப் படிக்கும்போது, ஆட்டோ ரொட்டேட் அணைந்திருப்பதால், கோரீடரின் கீழ் மெனுவிலேயே பக்கத்தைக் கிடைமட்டமாக்கி, டேப்லெட்டைத் திருப்பிப் பிடித்து, எழுத்தளவை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். நான்கு அடியும் நான்கு வரியாக நிற்கும்போது பாட்டு வாயில் தானாக வருகிறது.

ஸ்கேன் புத்தகங்கள்

கோரீடரின் கீழ் மெனுவில் பக்க ஓரத்தை வெட்டும் வசதி இருக்கிறது. ஆட்டோ என்று வைத்தால் வெள்ளை ஓரம் போய், எழுத்து திரை முழுக்க வரும். நூலகப் பிரதிகளில் ஸ்கேனரின் கறுப்பு விளிம்பும் ஓரத்தில் முத்திரையும் இருந்தால் ஆட்டோ ஏமாந்துபோகும். அப்போது செமி ஆட்டோவுக்கு மாற்றி, கட்டத்தை நீங்களே விரலால் இழுத்துச் சரிசெய்யுங்கள்.

அதே மெனுவில் ரீஃப்ளோ என்று ஒன்று உண்டு. அது எழுத்தைப் படிப்பதில்லை. சொற்களைப் படத்துண்டுகளாக வெட்டி, பெரிதாக்கி, மறுபடி வரிசையாக அடுக்குகிறது. அதனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை வைத்த ‘லை’, ‘னை’ உள்ள புத்தகமானாலும் பிழையில்லாமல் வரும். உரைநடைக்கு மட்டும் பயன்படுத்துங்கள், செய்யுளின் அடிகளை அது மடக்கிவிடும்.

இரண்டு பக்கத்தை ஒரே படமாக ஸ்கேன் செய்த கோப்புகளுக்கு ரீட்எரா என்ற இன்னொரு வாசிப்புச் செயலி நல்லது. அதில் ஒற்றைப் பத்தி முறையை வைத்தால் இடப்பக்கம் முடிந்ததும் வலப்பக்கம் காட்டும். முதல்முறை திறக்கும்போது அது டேப்லெட்டில் உள்ள எல்லாப் பிடிஎஃபையும் திரட்டிவிடும். ரத்தப் பரிசோதனை முடிவும் மின்கட்டண ரசீதும் பத்துப்பாட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். படிக்க வேண்டியவை என்ற பட்டியலில் நூல்களை மட்டும் சேர்த்து, அந்தப் பட்டியல் வழியாகவே திறந்து பழகுங்கள்.

சேர்க்கை 1: வாய்விட்டுப் படிக்க வைப்பது

கண்புரை அறுவைக்குப் பிறகு படிக்க முடியாத அம்மாவுக்காக ஒரு வாசகர் கேட்டிருந்தார். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குள் டெக்ஸ்ட் டு ஸ்பீச் இருக்கும். குரல் எந்திரமாகக் கூகுளைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் உள்ள பற்சக்கரத்தைத் தட்டித் தமிழ்க் குரலை இறக்குங்கள். ரீட்எராவில் ஈபப் நூலைத் திறந்து ஒலிக் குறியைத் தட்டினால் படிக்கும். ஆங்கில உச்சரிப்பில் தடுமாறினால் அங்கேயே மொழியைத் தமிழ் என்று மாற்றுங்கள்.

திரை அணைந்ததும் குரல் நின்றுபோகிறது என்றும் எழுதியிருந்தார். அது பேட்டரி சேமிப்பின் வேலை. செயலியின் ஆப் இன்ஃபோ பக்கத்தில் பேட்டரி என்பதைத் தட்டி ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ ஆக்குங்கள்.

சேர்க்கை 2: பிடிஎஃபைப் படிக்கச் சொன்னால் உளறுகிறது

அந்தப் பிடிஎஃப் யூனிகோடில் இல்லை. சோதிக்க எளிய வழி: ‘தமிழ்’ என்ற சொல்லை அழுத்திப் பிடித்து நகலெடுத்து, குறிப்புச் செயலியில் ஒட்டிப் பாருங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் ஆன கோப்பென்றால் ஜே, கே, பி, ஓ என்று ஆங்கில எழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியும் வரும். குரல் எந்திரம் படிப்பது இதைத்தான். ஒன்றிரண்டு பக்கம் என்றால் நகலெடுத்துப் பொங்குதமிழ் மாற்றியில் ஒட்டி யூனிகோடாக்கலாம். முழு நூல் என்றால் அதே நூலின் ஈபப் வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடுவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

நகலெடுக்கவே முடியவில்லையா? அது வெறும் படம். ஒரு பக்கம் மட்டும் வேண்டுமானால் கூகுள் லென்ஸ் போதும், பழைய தும்பிக்கை எழுத்துகளை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கை 3: எஸ்டி கார்டு

ஸ்கேன் புத்தகங்கள் பெரிய கோப்புகள், 64 ஜிபி டேப்லெட் சீக்கிரம் நிரம்பிவிடும். கார்டு போடும்போது டேப்லெட் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டால் ‘போர்ட்டபிள் ஸ்டோரேஜ்’ என்பதையே தேர்ந்தெடுங்கள். இன்டர்னல் என்று வைத்தால் கார்டு அந்த ஒரு டேப்லெட்டோடு பூட்டப்பட்டுவிடும், கழற்றிக் கணினியில் போட்டால் திறக்காது. போர்ட்டபிள் என்று வைத்தால் அதே கார்டைக் கணினியில் செருகிப் புத்தகங்களை நகலெடுத்து, நண்பரின் டேப்லெட்டிலும் போட்டுக் கொடுக்கலாம்.