தினம் ஒரு வசனக் கணக்கு: கொடுப்பவர்கள் விடும் பிழைகள்

உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் சிலர், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலேயே ரியூசன் எடுக்கிறார்கள். தரம் 6 முதல் 9 வரை, பெரும்பாலும் கணிதம். தினம் ஒரு வசனக் கணக்கை வட்ஸ்அப்பில் அனுப்பி, அடுத்த நாள் கொப்பியைப் பார்க்கிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் தயாரித்த ரியூட்டை, அதாவது பயிற்சித் தாளை, என்னிடம் நீட்டி "அக்கா, இது சரியா?" என்று கேட்கும்போது, நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் கொடுத்த அதே தாள்களை இன்னொருவர் கையெழுத்தில் பார்க்கிற மாதிரி இருக்கும்.

அலகு எழுத மறப்பது, சென்ரிமீற்றரையும் மீற்றரையும் அப்படியே கூட்டுவது போன்றவற்றை இங்கே விடுகிறேன். அவை பிள்ளைகளின் பிழைகள். எந்த ஆசிரியரும் திருத்துவார். நான் எழுதுவது கணக்கைக் கொடுக்கும் எங்களைப் பற்றி.

தலைப்புப் போட்டுக் கொடுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். "இந்த வாரம்: சதவீதம்" என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்தும் சதவீதக் கணக்கு. அடுத்த வாரம் ஐந்தும் விகிதம். அதற்கடுத்தது பின்னம். பார்க்க ஒழுங்காக இருக்கும். பெற்றோருக்கும் பிடிக்கும்.

வசனக் கணக்கில் பிள்ளைக்கு வேலை இரண்டு. என்ன செய்கை என்று தீர்மானிக்க வேண்டும், பிறகு அதைச் செய்து முடிக்க வேண்டும். பின்னதற்கு எங்கள் பாடசாலைகளில் பயிற்சிக்குக் குறைவே இல்லை. முன்னதுக்குத்தான் வசனக் கணக்கே இருக்கிறது. தலைப்பு அந்த வேலையைப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறது. வாசிக்காமலே இரண்டு எண்களைப் பொறுக்கி எடுத்து, நூறால் பெருக்கி வகுத்துவிடலாம். ஐந்து நாளும் ஐந்து சரி.

தரம் 8 படிக்கும் ஒரு பையன் இப்படித்தான் வந்தான். வேறொரு வகுப்பில் இலாப நட்ட ரியூட் முழுவதும் சரி, ஒரு சிவப்புக் கோடு இல்லை. நான் தலைப்பில்லாத ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தேன்: "1200 ரூபாவுக்கு வாங்கிய குடையை ஒருவர் 1500 ரூபாவுக்கு விற்றார். அவர் கையில் வந்த 1500 ரூபாவில் எத்தனை பங்கு இலாபம்?" மளமளவென்று 300-ஐ 1200-ஆல் வகுத்து 25 சதவீதம் என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டுவிட்டான். கேட்டது 1500-இல் பங்கு. விடை ஐந்தில் ஒன்று.

"கேள்வி என்ன கேக்குது?" என்றேன். அவன் கண் கேள்விக்குப் போகவில்லை. தாளின் மேல் விளிம்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான். "ரீச்சர், இது எந்தப் பாடம்?"

இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதைக் கேட்கிற பிள்ளையில் பிழை இல்லை. மேலே பார், விடை அங்கே இருக்கிறது என்று பழக்கியவர்கள் நாங்கள். சாதாரண தரப் பரீட்சைத் தாளில் இது எந்தப் பாடம் என்று யாரும் எழுதித் தருவதில்லை. புறக்கோட்டையில் சாமான் வாங்கப் போனால் அங்கேயும் இல்லை.

ஒரே எண்களை வைத்து மூன்று கணக்கைப் பாருங்கள்.

முக்கால் லீற்றர் பாலை, எட்டில் ஒரு லீற்றர் கொள்ளும் கோப்பைகளில் நிரப்பினால் எத்தனை கோப்பை? முக்கால் லீற்றர் பாலில் எட்டில் ஒரு பங்கு சிந்திவிட்டது, சிந்தியது எவ்வளவு? முக்கால் லீற்றர் பாலில் எட்டில் ஒரு லீற்றர் சிந்திவிட்டது, மிச்சம் எவ்வளவு?

முதலாவது வகுத்தல், விடை 6 கோப்பை. இரண்டாவது பெருக்கல், 3/32 லீற்றர். மூன்றாவது கழித்தல், 5/8 லீற்றர். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் "பங்கு", "லீற்றர்" என்ற வித்தியாசம் மட்டுந்தான். இந்த மூன்றையும் தலைப்பில்லாமல், வெவ்வேறு நாளில் கொடுத்துப் பாருங்கள். பின்ன ரியூட்டில் முழுப் புள்ளி வாங்கிய பிள்ளை எங்கே தடக்குகிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

இது என் மனப்பிரமை இல்லை. புளோரிடாவில் ஏழாம் தரத்தின் 54 வகுப்புகளில் செய்த ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. பாதி வகுப்புகளுக்குக் கணக்குகளைக் கலந்து கொடுத்தார்கள், மற்றப் பாதிக்கு ஒரே வகையை அடுக்காகக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் வைத்த பரீட்சையில் கலந்து செய்தவர்கள் சராசரியாக 61 சதவீதம், அடுக்காகச் செய்தவர்கள் 38 சதவீதம்.

புது அலகு தொடங்கும் முதல் சில நாள் ஒரே வகைக் கணக்கு வேண்டும்தான். கை பழக வேண்டுமே. அதன் பிறகு கலக்க வேண்டும். கஷ்டமான வேலை ஒன்றும் இல்லை. பழைய ரியூட்டுகளைக் கத்தரிக்கோலால் கணக்குக் கணக்காக வெட்டி, தலைப்பைக் குப்பையில் போட்டுவிட்டு, துண்டுகளை ஒரு பிஸ்கட் ரின்னில் போடுங்கள். நாளுக்கு ஒன்றைப் பிள்ளையே எடுக்கட்டும். இந்தத் தவணையில் படித்தது, போன தவணையில் படித்தது, போன வருடத்தில் படித்தது எல்லாம் அதற்குள் கிடக்கட்டும். அரசாங்கப் பாடநூலில் இடையிடையே மீட்டற் பயிற்சி என்று வரும். ரியூசன்காரர் அவசரத்தில் தாண்டிப் போகும் பக்கங்கள் அவை. முதலில் வெட்ட வேண்டியது அவற்றின் போட்டோக்கொப்பியை.

ஒரு எச்சரிக்கை. கலந்து கொடுக்கத் தொடங்கியதும் புள்ளி விழும். இரண்டாம் வாரமே போன் வரும்: "ரீச்சர், முந்தின இடத்தில தொண்ணூறுக்குக் குறையாம எடுத்தவள். இங்க வந்து அறுபது எடுக்கிறாள்." அந்தப் போனுக்குப் பயந்து திரும்பவும் தலைப்புப் போடத் தொடங்கிய இளம் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அந்தத் தாயிடம் மேலே உள்ள மூன்று பால் கணக்கையும் கொடுத்து, பிள்ளையோடு இருந்து செய்து பார்க்கச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். பாதிப்பேர் அதோடு அமைதியாகிவிடுவார்கள். மற்றவர்கள் வேறு வகுப்புக்குப் போவார்கள். போகட்டும்.

சொல்லைப் பிடித்துக் கணக்குச் செய்யச் சொல்வது

"மொத்தம் வந்தால் கூட்டு, மீதி வந்தால் கழி." இதை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் வகுப்புகளும் உண்டு. தலைப்பின் சின்னத் தம்பி இது.

தொட்டியிலிருந்து 8 லீற்றர் தண்ணீர் எடுத்தபின் 15 லீற்றர் மீதி. முதலில் எவ்வளவு இருந்தது? "மீதி"யைக் கண்ட பிள்ளை 15-இலிருந்து 8-ஐக் கழித்து 7 என்கிறது. தண்ணீர் எடுத்த பின்னாலேயே 15 லீற்றர் இருக்கும்போது, முதலில் 7 எப்படி இருக்கும் என்று அது யோசிக்கவே இல்லை. அட்டையைக் கழற்றுங்கள்.

ஒரே நாளில் பத்துக் கணக்கு

ஒன்று. மிஞ்சினால் இரண்டு.

பெயரை மாற்றிப் புதுக் கணக்கு என்பது

ரவியைக் கவிதாவாகவும் மாங்காயைக் கொய்யாவாகவும் மாற்றினால் அது பழைய கணக்குத்தான்.

2022-க்கு முந்தின விலைகள்

பழைய ரியூட்டில் சீனியும் பாணும் என்ன விலை என்று பாருங்கள். இன்றைய பிள்ளைக்கு அது வேறு நாட்டுக் காசு. விலை நம்பும்படி இல்லாவிட்டால் விடை நம்பும்படி இருக்கிறதா என்று சோதிக்கவும் வழியில்லை. விலையே வேண்டாம் என்றால், மாறாத அளவுகள் நிறைய உண்டு. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 50 நாள் வந்தால் ஒரு நாளைக்கு எத்தனை கிராம்? 250. வீட்டில் போன சிலிண்டர் எப்போது மாற்றினது என்று அம்மாவிடம் கேட்டுவரச் சொன்னால் கணக்கு அவர்களுடையதாகிவிடும்.

மீதியை மீதியாகவே விடுவது

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு வைத்த தேசிய மதிப்பீட்டில் ஒரு கணக்கு: 1128 படைவீரர்கள், ஒரு பஸ்ஸில் 36 பேர் போகலாம், எத்தனை பஸ் வேண்டும்? ஏறத்தாழ 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகச் செய்தார்கள். 32 பஸ் என்று எழுதியவர்கள் 23 சதவீதம் மட்டுமே. 29 சதவீதம் பேர் "31, மீதி 12" என்று எழுதினார்கள். அந்த மீதிப் பன்னிரண்டு பேரும் ரோட்டில் நிற்கிறார்கள்.

விடையை எண்ணாக வாங்காமல் முழு வசனமாக வாங்குங்கள். "31 மீதி 12 பஸ் வேண்டும்" என்று எழுதப் போகும்போது அநேகமான பிள்ளைகளுக்குப் பேனை நின்றுவிடும்.

சதவீதங்களைக் கூட்ட விடுவது

ஓட்டல் பில் 5000 ரூபா. சேவைக் கட்டணம் 10 சதவீதம். அதையும் சேர்த்த தொகைக்கு வற் (பெறுமதி சேர் வரி) 18 சதவீதம். பிள்ளைகள் 28 சதவீதம் என்று கூட்டி 6400 என்பார்கள். முதலில் 5500, அதற்கு வற் 990, ஆக 6490. இந்த 90 ரூபா எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். சேவைக் கட்டணம் 500-க்கும் 18 சதவீதம் விழுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க எங்கள் வகுப்பில் ஒரு பின்னேரம் முழுவதும் போனது. அந்த நாளுக்கு வேறு கணக்கு கொடுக்கவில்லை. வீட்டில் வெளியே சாப்பிடப் போனால் பில்லை எறியாமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நாலைந்து வந்திருக்கின்றன, ஒன்றில் கறிக் கறை.