கழுத்துவலியை நிரூபித்த நர்ஸ் குறிப்பு

பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் நின்றிருந்த என் காரைப் பின்னால் வந்த வேன் இடித்தது. நெற்றியில் சின்ன வெட்டு. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். விடியற்காலையில் தலையைத் திருப்ப முடியவில்லை.

வேனின் இன்சூரன்ஸ் தரப்பு 15,000 ரூபாய்தான் என்றது. ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் நெற்றிக் காயம் மட்டும்தான் இருக்கிறது, கழுத்துவலி வயசுத் தேய்மானம் என்றார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்துக் கொடுத்தேன், அதையும் தேய்மானம் என்றார்கள். எஃப்.ஐ.ஆரில் சேர்க்கச் சொல்லி ஸ்டேஷனுக்கு நடந்தேன். பதிந்ததை மாற்ற முடியாதாம். மூன்று மாதம் கழித்து வாங்கிய டாக்டர் கடிதமும் எடுபடவில்லை.

அப்புறம்தான் வக்கீல் கேட்டார்: "கேஸ் ஷீட் வாங்கினீங்களா?" நான் டிஸ்சார்ஜ் சம்மரியைத்தான் அது என்று நினைத்திருந்தேன். இரண்டும் வேறு. சம்மரி, வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சுருக்கம். கேஸ் ஷீட், அங்கே இருந்தவரை டாக்டரும் நர்ஸும் எழுதிய முழுக் குறிப்பு. ஆஸ்பத்திரி ஆவணப் பிரிவில் எழுதிக் கொடுத்து முழு நகல் வாங்கினேன். கடைசிக்கு முந்தைய பக்கத்தில், நர்ஸ் கையெழுத்தில்: "காலை 5.20. கழுத்து வலி என்கிறார். டாக்டருக்குச் சொல்லப்பட்டது."

அந்தப் பக்கத்தோடு, மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவின் கீழ் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டோம். 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்ற விதி இருக்கிறது. நான் ஐந்தாவது மாதத்தில் இருந்தேன். சமரசமாகத் தீர்க்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் 1,40,000 ரூபாய்க்கு முடிந்தது. நிம்மதி.

நகலில் ஆஸ்பத்திரி முத்திரை இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்த்து வாங்குங்கள். எனக்கு இரண்டு பக்கத்தில் விட்டுப்போயிருந்தது.