மார்க் போடாம கேள்வி மட்டும் எழுதிக் கொடுத்தேன், காப்பி அடிக்கிறது குறைஞ்சது

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல படிவம் 5 பிள்ளைங்களுக்கு எஸ்பிஎம் (மலேசியாவுல படிவம் 5 முடிவுல எழுதுற அரசுத் தேர்வு) தமிழ் டியூஷன் எடுக்கிறேன். கட்டுரைய வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னா பாதி பேரோடது ஒரே மாதிரி வரும், ஏஐ எழுதுனதுன்னு தோணும், ஆனா அத கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர நம்பி ஒரு பிள்ளைய குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, சொந்தமா எழுதுனதையும் அது சிலநேரம் ஏஐன்னு காட்டிடும்.

அதனால முறைய மாத்தினேன். முதல் வரைவு வகுப்பிலயே, பேனாவுல, போன் எல்லாம் என் மேசையில. மார்க் கிடையாது, ஓரத்துல கேள்வி மட்டும் எழுதுவேன்: "வெள்ளத்த பத்தி சொல்றியே, உங்க தாமான்ல (குடியிருப்புல) தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" அந்தப் பையன் அடுத்த வாரம், அவங்க பாட்டி அரிசி டின்ன அலமாரி மேல தூக்கி வச்சத எழுதிட்டு வந்தான், இது எந்த ஏஐக்கும் தெரியாதுல்ல!

1988-ல ரூத் பட்லர்ங்கிற கல்வி உளவியல் ஆய்வாளர் செஞ்ச ஆய்விலயும் மார்க்கும் கருத்தும் சேர்த்து வாங்கின பிள்ளைங்கள விட கருத்து மட்டும் வாங்கினவங்கதான் நல்லா முன்னேறுனாங்க. நான் பார்த்ததும் அதான், மார்க் இருந்தா பிள்ளை பக்கத்துல உள்ளவனுக்கு எவ்வளவுன்னுதான் எட்டிப் பாக்கும், நாம எழுதினத படிக்கவே படிக்காது.

திருத்தி எழுதினதுக்குத்தான் மார்க். அப்பவும் பக்கத்துல உக்கார வச்சு இந்தப் பத்தி ஏன் இங்க வந்துச்சுன்னு கேப்பேன், சொந்தமா எழுதுன பிள்ளை டக்குனு சொல்லிடும். பெத்தவங்க சில பேரு "மார்க் எங்க டீச்சர்?"னு கேட்டாங்க, ரெண்டு வரைவையும் ஒண்ணா வச்சுக் காட்டுனேன், அவங்களுக்கே புரிஞ்சிடுச்சு. நேரம்தான் ரொம்ப புடிக்குது, அதனால ஒரு வகுப்புக்கு ஆள குறைச்சிட்டேன்.