எம்எல்டி ஜீன் தெரபி: பெத்தவங்க முதல்ல என்ன செய்யணும்

மூத்த பிள்ளைக்கு எம்எல்டி, அதாவது மூளையையும் நரம்பையும் பாதிக்குற மெட்டாக்ரோமாடிக் லுகோடிஸ்ட்ரோஃபிங்கிற பரம்பரை நோய்னு தெரிஞ்ச அன்னைக்கே தம்பி தங்கச்சிக்கும் டெஸ்ட் எடுத்துடுங்க, தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க, ஏன்னா அவங்களுக்கும் நாலுல ஒரு வாய்ப்பு இருக்கு, இந்த ஜீன் தெரபி ட்ரீட்மென்ட் அறிகுறி வர்றதுக்கு முன்னாடி குடுத்தாதான் நல்லா வேலை செய்யும். இந்த நோய்ல குறைஞ்சு போற ஏஆர்எஸ்ஏங்கிற என்சைம் கம்மின்னு மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, நோயே இல்லாத சிலருக்கும் அது கம்மியாத்தான் இருக்கும். யூரின்ல சல்ஃபடைடு (இந்த நோய்ல உடம்புல சேர்ற ஒரு கொழுப்பு) டெஸ்ட், ஜீன் டெஸ்ட் ரெண்டும் கேளுங்க.

அப்புறம் பிள்ளையோட ரத்தம் உண்டாக்குற ஸ்டெம் செல்லையே எடுத்து, லேப்ல லென்டிவைரஸ்ங்கிற, ஜீனை சுமக்குறதுக்காக மாத்தின வைரஸ் வழியா சரியான ஜீனை ஏத்தி, புசல்ஃபான் கீமோ குடுத்து எலும்பு மஜ்ஜையில இடம் பண்ணிட்டு, ட்ரிப்ஸ் மாதிரி திருப்பி ஏத்துவாங்க. கஷ்டமே அதுக்கப்புறம்தான், வாய் முழுக்க புண்ணு, ஒரு வாய் தண்ணி எறங்காது, பல வாரம் ஆஸ்பத்திரிதான். கீமோ பின்னாடி குழந்தைப்பேறை பாதிக்கலாம், அதையும் முன்கூட்டியே டாக்டர்கிட்ட பேசிடுங்க. இத்தாலி மிலன்ல உருவான தெரபி இது, ஐரோப்பால 2020லயும் அமெரிக்கால 2024லயும் அனுமதி கெடச்சுது.