கல்லூரிக்கு லேப்டாப் வாங்கும் முன்: பிறகு மாற்ற முடியாததை முதலில் பாருங்கள்

நான் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான் (ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம்) இருந்தது. “வேண்டுமென்றால் அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்” என்று விற்றவர் சொன்னார், நானும் நம்பினேன். இரண்டாம் ஆண்டில் கூட்டுவதற்காகப் பின்மூடியைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, ரேமை போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறார்கள். கூடுதலாகச் செருக ஸ்லாட்டும் கிடையாது. மீதிப் படிப்பு முழுவதும் பிரவுசரில் நான்கு டேப் திறந்தாலே திணறும் அந்த லேப்டாப்போடுதான் போனது.

அதற்குப் பிறகு தங்கைக்கு, நண்பர்களின் பிள்ளைகளுக்கு என்று பலருக்கு லேப்டாப் தேர்ந்தெடுக்க உதவியிருக்கிறேன். எப்போதும் ஒரே வரிசையில்தான் பார்க்கிறேன். வாங்கிய பிறகு மாற்ற முடியாமல் அதிகம் தவிக்கவைப்பவை எவையோ அவைதான் முதலில், மற்றவை எல்லாம் பிறகு. நீங்களும் அப்படியே ஒவ்வொரு படியாக வாருங்கள்.

படி 1: துறையிடம் மென்பொருள் பட்டியல் கேளுங்கள்

எந்த மாடல் நல்லது என்று தேடத் தொடங்கும் முன் இதைச் செய்யுங்கள். உங்கள் துறையில் எந்தெந்த மென்பொருள் பயன்படுத்துகிறார்கள், எந்த ஆண்டில் அவை தேவைப்படும் என்று துறை அலுவலகத்திலோ சீனியர்களிடமோ கேளுங்கள். முதலாம் ஆண்டுப் பாடங்களை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்கு என்ன தேவை என்பதுதான் முக்கியம்.

இலக்கியம், வரலாறு, சட்டம், வணிகவியல் படிப்பவர்களுக்குப் பிரவுசர், வேர்டு, எக்செல், பிடிஎஃப், வீடியோ வகுப்பு ஆகியவைதான் அன்றாட வேலை. இவர்களுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு (காட்சிகளை வரைவதற்கென்றே உள்ள சிப்) தேவையே இல்லை. அந்தப் பணத்தை நல்ல திரைக்கும் பேட்டரிக்கும் கொடுக்கலாம்.

இயந்திரப் பொறியியல், கட்டடக்கலை மாணவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சாலிட்வொர்க்ஸ், ரெவிட் என்ற வடிவமைப்பு மென்பொருள்கள் இரண்டும் விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டவை. ஆட்டோகேடுக்கு மேக் பதிப்பு இருக்கிறதே என்று மேக்புக் வாங்கிவிட்டு, ரெவிட் பாடம் வந்தபோது தவித்த ஒரு மாணவியை எனக்குத் தெரியும். முப்பரிமாண வடிவமைப்பு உங்கள் பாடத்தில் உண்டென்றால் தனி கிராபிக்ஸ் கார்டுள்ள விண்டோஸ் லேப்டாப்தான் சரி.

கணினி அறிவியலில் மெஷின் லேர்னிங் படிக்கப்போகிறவர்கள் என்விடியா நிறுவனத்தின் கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் என்று நினைக்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டைக் கணக்கீட்டுக்குப் பயன்படுத்தும் கூடா (CUDA) என்ற தொழில்நுட்பம் என்விடியாவில் மட்டும் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் கற்றுக்கொள்ளும் கட்டத்தில் கூகுள் கோலாப் போன்ற இணையச் சேவையோ கல்லூரி ஆய்வகக் கணினியோ போதும். அதற்காக மட்டும் இரண்டரை கிலோ லேப்டாப்பை நான்கு ஆண்டு சுமக்க வேண்டாம்.

படி 2: விண்டோஸா, மேக்கா?

முதல் படியில் கிடைத்த பட்டியலே இதற்குப் பதில் சொல்லிவிடும். பட்டியலில் உள்ள எல்லாமே மேக்கில் ஓடுமென்றால் மேக்புக் ஏர் நல்ல தேர்வு. 2020 இறுதியில் எம்1 சிப் வந்ததிலிருந்து அதன் பேட்டரி வெகுநேரம் தாங்குகிறது, விசிறிச் சத்தமும் இல்லை.

விண்டோஸிலேயே ஸ்னாப்டிராகன் சிப் உள்ள லேப்டாப்களும் இப்போது விற்கின்றன. பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் அவை வழக்கமான இன்டெல், ஏஎம்டி சிப்களிலிருந்து வேறுபட்ட ஏஆர்எம் வகை என்பதால் சில பொறியியல் மென்பொருள்களும் ஆய்வகக் கருவிகளைக் கணினியோடு இயங்கவைக்கும் டிரைவர்களும் வேலை செய்யாமல் போகலாம். கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் குரோம்புக்கில் விண்டோஸ் மென்பொருள் எதையும் நேரடியாக நிறுவ முடியாது. இந்த இரண்டில் ஒன்றை வாங்குவதென்றால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள்.

படி 3: ரேம்

என் தொடக்கக் கதை இதற்காகத்தான். இன்று 8 ஜிபி என்பது எழுத்து வேலைக்கும் பிரவுசருக்கும் மட்டுமே போதும். நான்கு ஆண்டு ஓட வேண்டுமென்றால் 16 ஜிபி வாங்குங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, விர்ச்சுவல் மெஷின், டாக்கர் போன்ற ரேமை அதிகம் தின்னும் மென்பொருள்களுக்குப் போகிறவர்கள் 16-க்குக் கீழே யோசிக்கவே வேண்டாம்.

பிறகு கூட்ட முடியுமா என்பதை விற்பவரின் வாய்வார்த்தையை வைத்து முடிவுசெய்யாதீர்கள். விவரப் பட்டியலில் ‘எல்பிடிடிஆர்’ என்று தொடங்கியிருந்தால் பெரும்பாலும் அது போர்டிலேயே சால்டர் செய்த ரேம். வெறும் ‘டிடிஆர்4’, ‘டிடிஆர்5’ என்றிருந்தால் ஸ்லாட் இருக்க வாய்ப்பு உண்டு. தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டைத் திறந்து பார்த்தால் உறுதியாகத் தெரிந்துவிடும். மேக்புக்குகளில் எந்த அளவை வாங்குகிறீர்களோ அதுதான் கடைசிவரை.

கோப்புகளைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டி விஷயத்தில் இவ்வளவு பயம் தேவையில்லை. பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் அதைக் கழற்றிப் பெரியதாக மாற்றலாம். 512 ஜிபி போதும். வாங்கிய பிறகு விண்டோஸில் 476 ஜிபி என்று காட்டும். அது குறைபாடு இல்லை, விண்டோஸ் கணக்கிடும் முறை வேறு. சேமிப்பகம் ‘இஎம்எம்சி’ என்று போட்டிருந்தால் மட்டும் அந்த லேப்டாப்பைத் தவிர்த்துவிடுங்கள்: அது மெதுவானது, போர்டோடு ஒட்டியது.

படி 4: திரை, கீபோர்டு, எடை

ஒரு நாளைக்கு ஆறு ஏழு மணி நேரம் பார்க்கப்போகும் திரை இது. 1920க்கு 1080 என்ற அளவுக்குக் குறையக் கூடாது, ஐபிஎஸ் வகையாக (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை) இருக்கட்டும். வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். 250 என்றால் அறைக்குள் சமாளிக்கலாம், ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும்; 300-க்கு மேல் நல்லது. திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதைச் சொல்லும் இடத்தில் ‘45% என்டிஎஸ்சி’ என்று சிறிய எழுத்தில் இருந்தால் நிறங்கள் வெளிறித்தான் தெரியும். கட்டுரை எழுதுவோருக்கு அது பரவாயில்லை, வடிவமைப்பு படிப்போருக்கு ஆகாது.

கீபோர்டை முடிந்தால் நேரில் தட்டிப் பாருங்கள். ஒரு பத்தி தட்டினாலே விரலுக்குத் தெரிந்துவிடும்.

எடையைப் பார்க்கும்போது சார்ஜரையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 14 அங்குலத் திரையும் ஒன்றரைக் கிலோவுக்குள் எடையும்தான் தினமும் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு நான் சொல்லும் அளவு.

படி 5: பேட்டரி

‘12 மணி நேரம்’ என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட்-அவர் எண்ணைத் தேடுங்கள். 50 வாட்-அவர் பேட்டரி, சாதாரண வேலையில் 8 வாட் செலவாகிறது என்றால் சுமார் ஆறு மணி நேரம் வரும். பேட்டரியும் நாளாக ஆகத் தேயும் என்பதால் தொடக்கத்திலேயே கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது. யுஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஏறுமா என்றும் பாருங்கள். சார்ஜரை மறந்து வந்த நாளில் நண்பரிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

படி 6: இப்போது ப்ராசசர்

ப்ராசசர் என்பது கணினியின் மூளை போன்ற முதன்மைச் சிப். இன்டெலின் ‘ஐ5’, ஏஎம்டியின் ‘ரைசன் 5’ என்ற பெயர் மட்டும் போதாது, அதன் பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள். ஐ5-1335யு என்பதில் 13 என்பது தலைமுறை. கடைசியில் ‘யு’ என்றால் மின்சாரம் குறைவாக எடுக்கும், ‘எச்’ என்றால் வேகமும் சூடும் அதிகம்.

ஏஎம்டியின் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும். ரைசன் 5 7520யு என்பதில் அந்த 2, ஜென் 2 என்ற 2019-ஆம் ஆண்டு வடிவமைப்பைக் குறிக்கிறது. 7530யு ஜென் 3, 7540யு ஜென் 4. மூன்றும் புதியவைபோலவே விற்கும், உள்ளே இருப்பது வேறு.

படி 7: பழைய லேப்டாப் வாங்குவதென்றால்

கையில் பணம் குறைவாக இருந்தால், அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த நல்ல லேப்டாப்பை வாங்குவதில் தவறே இல்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் விண்டோஸ் 11 முறைப்படி ஓடக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம்.

விற்பவரிடம் விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக இருந்தபோது பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டும் அதில் இருக்கும். பாதியாகக் குறைந்திருந்தால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்) பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறதா, மேக் என்றால் அதைப் பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கோடு பூட்டும் ஆக்டிவேஷன் லாக் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

படி 8: வாங்கிய முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களைத் திரையில் போட்டு, செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா விசைகளையும் தட்டுங்கள், எல்லா போர்ட்டுகளிலும் எதையாவது செருகுங்கள், ஒருமுறை வீடியோ கால் பேசுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சொன்ன ரேம்தான் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

மென்பொருளுக்குக் காசு கொடுக்கும் முன் கல்லூரி மின்னஞ்சல் கைக்கு வரும்வரை பொறுத்திருங்கள். மைக்ரோசாஃப்டின் ஆபீஸ், ஆட்டோகேடும் ரெவிட்டும் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க்கின் மென்பொருள்கள், ஜெட்பிரெயின்ஸின் நிரலெழுதும் கருவிகள் ஆகியவை தகுதியுள்ள மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த மிச்சத்தில் ஒரு வெளி எஸ்எஸ்டி வாங்கி, வாரத்துக்கு ஒருமுறை உங்கள் கோப்புகளை அதில் நகலெடுத்து வையுங்கள்.