சாக்கெட் லேப்: பாதி மெசேஜ் மட்டும் வந்தால்

பைத்தானில் சாக்கெட் (நெட்வொர்க் வழியே புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு முனை) வைத்து எழுதிய கிளையன்ட்-சர்வர் புரோகிராம் ஒரே கணினியில் ஒழுங்காக ஓடியது. கிளையன்டைப் பக்கத்துக் கணினிக்கு மாற்றியதும் இரண்டு கோளாறுகள்.

முதலாவது, ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’. சர்வர் 127.0.0.1-இல் (கணினி தன்னையே குறிக்கும் முகவரி) பைண்ட் ஆகியிருந்தது, அதாவது அங்கே மட்டும் காத்திருந்தது. அந்த முகவரிக்கு வெளியிலிருந்து வர வழியில்லை. 0.0.0.0 (கணினியின் எல்லா முகவரிகளும்) என்று மாற்றியதும் சரி.

இரண்டாவதுதான் பாடாய்ப் படுத்தியது. 5,000 பைட் அனுப்பினால் சில சமயம் 1,448 மட்டும் வரும். சின்ன மெசேஜ்கள் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு வரும். நெட்வொர்க் மேல் பழியில்லை. பைட்களைக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறைக்கு மெசேஜ் என்ற கணக்கே கிடையாது, அது வெறும் பைட் ஓட்டம். ஈதர்நெட்டில் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1,500 பைட். ஐபி, டிசிபி ஹெடர்களுக்குத் தலா 20, டைம்ஸ்டாம்ப்புக்கு 12 போக மிச்சம் 1,448. லினக்ஸ் லூப்பேக்கின் (கணினி தனக்குள்ளேயே பேசும் வழி) எம்டியூ 65,536 என்பதால் ஒரே கணினியில் இது கண்ணில் படவில்லை.

ஒவ்வொரு மெசேஜுக்கு முன்னும் அதன் நீளத்தை 4 பைட்டில், பிக் எண்டியனாக (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்) அனுப்பவும். வாங்கும் பக்கம் அந்த 4 பைட்டும் சேரும்வரை ரிசீவை (பைட்களை வாங்கும் கட்டளை) லூப்பில் ஓட்டி (அதுவும் உடைந்து வரலாம்), பிறகு அத்தனை பைட்டும் சேரும்வரை ஓட்டவும். ரிசீவ் காலியாகத் திரும்பினால் எதிர்ப்பக்கம் மூடியாயிற்று. அங்கே லூப்பை நிறுத்தாவிட்டால் அது ஓயாமல் சுற்றி சிபியுவைத் தின்னும். அனுப்ப சென்ட் வேண்டாம் (அது பாதியோடு நின்றுவிடலாம்), முழுவதையும் அனுப்பும் சென்ட்ஆல்.

மெசேஜ்களுக்கு நடுவில் ஸ்லீப் (சற்று நேரம் காத்திருக்கும் கட்டளை) போட்டு ஒப்பேற்றலாம்தான், டெமோ அன்று காலைவாரும்.