தவறணைத் தாயக்கட்டைக்கு 50 ரூபா போடலாமா? கணக்குப் பார்க்கும் முறை

கோண்டாவில் பக்கம் சித்தப்பா போகும் தவறணையில், அதாவது கள்ளுக்கடையில், ஒரு ஆட்டம் நடக்கிறது. மேசையில் ஒரு பால்மா டின். 50 ரூபா கொடுத்தால், சிரட்டைக்குள் மூன்று தாயக்கட்டைகளைப் போட்டுக் குலுக்கி ஒரு தடவை கவிழ்க்கலாம். மூன்றிலும் ஒரே இலக்கம் விழுந்தால் டினில் உள்ள காசு முழுவதும் உங்களுக்கு. விழாவிட்டால் கள்ளுக் குடிக்கும் பிளாவை எடுத்துக்கொண்டு வாங்கில் போய் உட்கார வேண்டியதுதான். கொடுத்த 50இல் 40 டினுக்குள் போகும், 10 ஆட்டம் நடத்துபவரின் சட்டைப் பைக்குள் போகும்.

பொது இடத்தில் காசு வைத்து ஆடுவது சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் புளியங்கொட்டையை வைத்து ஆடினாலும் கணக்கு இதேதான். சாதாரண தரத்தில் படித்த நிகழ்தகவு போதும்.

படி 1: எத்தனை விதமாக விழும்?

"மூண்டு கட்டை, ஆறு பக்கம். பாதிக்குப் பாதி தானே தம்பி?" என்றார் சித்தப்பா. மூன்று ஆறிலொன்றைக் கூட்டிப் பாதி என்கிறார். இங்கே கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். கட்டைகள் சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 6 விதமாக விழும். மொத்தம் 6 × 6 × 6 = 216 விதங்கள். மூன்றும் ஒன்றாக இருப்பது அதில் 6 மட்டும்: மூன்று ஒன்று, மூன்று இரண்டு என்று மூன்று ஆறு வரை. 6/216 என்றால் 1/36.

குறுக்குவழியும் உண்டு. முதல் கட்டை எதுவாகவும் விழட்டும். இரண்டாவது அதோடு பொருந்த 1/6, மூன்றாவதும் பொருந்த 1/6. பெருக்கினால் அதே 1/36.

படி 2: டினில் எவ்வளவு இருந்தால் போடலாம்?

1/36 என்றால், சராசரியாக 36 வீச்சுக்கு ஒரு வெற்றி. 36 வீச்சுக்கான செலவு 36 × 50 = 1800 ரூபா. ஆகவே வெல்லும்போது கைக்கு 1800 ரூபாவாவது வர வேண்டும். உங்களுடைய 40 ரூபாவும் டினுக்குள் போவதால், நீங்கள் காசு கொடுப்பதற்கு முன் அதில் 1760 இருந்தால் சரிக்குச் சரி.

இரண்டு உதாரணம் பார்ப்போம். டினில் 1000 ரூபா இருக்கிறது. 1040ஐ 36ஆல் வகுத்தால் 28.89, அதிலிருந்து 50ஐக் கழித்தால் −21.11. ஒவ்வொரு வீச்சுக்கும் சராசரியாக 21 ரூபா நட்டம். டினில் 2500 இருந்தால் 2540 ÷ 36 − 50, அதாவது 20.56 ரூபா இலாபம். இப்படி வரும் இலக்கத்தைத்தான் எதிர்பார்ப்புப் பெறுமானம் என்கிறார்கள்.

டின் வெறுமையாக இருக்கும்போது முதலில் போடுபவரை நினைத்துப் பாருங்கள். அவர் வென்றாலும் 10 ரூபா நட்டம்! 50 கொடுத்து 40 எடுப்பார். கைதட்டல் வேறு கிடைக்கும்.

படி 3: டினைப் பாருங்கள், கட்டையைப் பார்க்க வேண்டாம்

"காலமையில இருந்து விழேல்ல, இனி விழத்தான் வேணும்" என்று யாராவது சொல்வார்கள். கட்டைக்குக் காலையும் தெரியாது, மாலையும் தெரியாது. நாற்பது தடவை விழாமல் போனாலும் அடுத்த வீச்சுக்கு அதே 1/36தான். ஆனால் அந்த நாற்பது பேரின் காசு டினில் கிடக்கிறது. நீண்ட நேரம் விழாதபோது ஆட்டம் நல்லதாகிறது என்றால், அதற்கு அதுதான் காரணம். சித்தப்பாவின் கூட்டாளிகள் சரியான நேரத்தில்தான் போடுகிறார்கள், சொல்லும் காரணம்தான் பிழை.

வெறும் டின் 1760ஐத் தொட 44 வீச்சுகள் தொடர்ந்து தோற்க வேண்டும். (35/36)ஐ 44 தடவை பெருக்கினால் ஏறத்தாழ 0.29. கல்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். பத்துத் தடவை டின் வெறுமையானால், அதில் மூன்று தடவைகூட அந்த எல்லைக்கு வராது. மற்ற நேரமெல்லாம் வேடிக்கை பார்ப்பதுதான் ஆட்டம்.

படி 4: கையில் எவ்வளவு காசு வேண்டும்?

சராசரி இலாபம் என்றாலும் 36இல் 35 தடவை தோற்பீர்கள். ஒரு தடவையாவது வெல்லும் வாய்ப்பு பாதியைத் தாண்ட எத்தனை வீச்சு வேண்டும்? பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் டி மெரே என்ற சூதாட்டப் பிரியர் இரண்டு கட்டைகளில் இரட்டை ஆறு விழுவதைப் பற்றி இதையேதான் கேட்டார். அதுவும் 1/36. 24 வீச்சு போதும் என்ற கணக்கு உதைத்தது. 1654இல் பாஸ்கல், பெர்மா என்ற இரண்டு கணித அறிஞர்கள் எழுதிக்கொண்ட கடிதங்களில் இந்தக் கேள்வியும் வருகிறது, நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்ததே அந்தக் கடிதங்களிலிருந்துதான்.

தோற்கும் வாய்ப்பை முதலில் கண்டுபிடித்து 1இலிருந்து கழியுங்கள். 24 வீச்சுக்கு 1 − (35/36)²⁴ = 49.1%. 25 வீச்சுக்கு 50.6%. அதாவது டின் 1760ஐத் தாண்டிய பிறகும், பாதிக்குச் சற்றுக் கூடிய வாய்ப்புக்கே 1250 ரூபா எடுத்து வைக்க வேண்டும். இடையில் வேறொருவர் அடித்துக்கொண்டு போனால் உடனே நிறுத்திவிடுங்கள், டின் மறுபடி வெறுமை.

படி 5: கட்டை கோடாததா?

பாடப்புத்தகத்தில் எல்லாம் கோடாத, அதாவது எந்தப் பக்கமும் சாயாத, தாயக்கட்டைதான். அந்தத் தவறணைக் கட்டைகளின் விளிம்புகளோ நன்றாகத் தேய்ந்திருந்தன. பிளாஸ்டிக் கட்டையை, அது மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரில் போட்டுச் சுழற்றி விடுங்கள். ஒரே பக்கம் திரும்பத் திரும்ப மேலே வந்தால் அது சாய்ந்த கட்டை.

சாய்ந்த கட்டை எப்போதும் நமக்குக் கூடாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. மூன்று கட்டைகளும் ஆறு பக்கமே சாய்ந்து, ஆறு விழ 1/4, மற்ற ஐந்துக்கும் தலா 3/20 என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் ஒன்றாக விழும் வாய்ப்பு 1/64 + 5 × (3/20)³, ஏறத்தாழ 1/31. ஆடுபவருக்கு இலாபம்! ஒன்று ஆறு பக்கமும் மற்றொன்று ஒன்று பக்கமும் சாய்ந்து, மூன்றாவது கோடாததாக இருந்தால் ஆடுபவரின் வாய்ப்பு 1/36ஐ விடச் சற்றுக் குறையும். அதனால் மூன்றையும் தனித்தனியாக மிதக்க விட்டுப் பாருங்கள்.